முறிவதற்கு முன் வளைய வேண்டும்: வாகன இழுவைக் கொக்கிகளும் வளையங்களும் உருவாகும் விதம்

கரும்பு ஏற்றும் டிரெய்லரை டிராக்டரோடு இணைக்கும் இழுவை வளையம் ஒன்று, இரண்டாக முறிந்த நிலையில் என் மேசைமேல் கிடக்கிறது. முறிந்த முகத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அதில் இரண்டு வேறு பரப்புகள் தெரிகின்றன. ஒரு பாதி வழவழப்பாகவும் கருத்தும் இருக்கிறது. குளத்து நீர் வற்ற வற்றக் கரையில் விட்டுச்செல்லும் கோடுகளைப் போல, அதில் வளைவு வளைவாக மெல்லிய வரிகள் ஓடுகின்றன. மறு பாதி உடைத்த கற்கண்டைப் போலப் பரல் பரலாக மின்னுகிறது. முதல் பாதி பல மாதங்களாகச் சிறிது சிறிதாக வளர்ந்த விரிசல். இரண்டாவது பாதி ஒரே நொடியில் நடந்த முறிவு. அன்றைக்கு அந்த வளையம் இழுத்தது வழக்கமான பாரம்தான், சாலையும் சமதளம்தான். வரிகள் எல்லாம் வளையத்தின் உள்விளிம்பில் கடுகளவு இடம் ஒன்றை நோக்கிக் குவிகின்றன. அந்தக் கடுகளவு இடத்தில் என்ன இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதைப் புரிந்துகொள்ள, இப்படி ஒரு பாகம் எப்படி உருவாகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இழுவைப் பாகம் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் பல வகை உண்டு. பழுதாகி நின்ற வண்டியைக் கட்டி இழுக்க லாரியின் முன்புறத்தில் இருக்கும் கொக்கி, டிரெய்லரின் ஏர்க்காலின் முனையில் இருக்கும் வளையம், கன்டெய்னர் டிரெய்லரின் அடியில் துருத்திக்கொண்டு நின்று இழுவை வண்டியின் ஃபிஃப்த் வீல் எனப்படும் பூட்டுத் தட்டுக்குள் பூட்டிக்கொள்ளும் கிங் பின் என்ற தடித்த முளை, காரின் பம்பரில் மூடியைக் கழற்றித் திருகிப் பொருத்தும் சிறு வளையம் ஆகிய எல்லாம் ஒரே குடும்பம். இவற்றை விற்பவர்கள் அனைவரும் சொல்லும் சொல் ‘பலமானது’ என்பது. அந்தச் சொல்லைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அரம் கடினமானது; தரையில் ஓங்கி அடித்தால் உடைந்துவிடும். ஆணி அவ்வளவு கடினமானதன்று. சுத்தியல் தவறிப் பட்டால் வளையுமே தவிர உடையாது. இழுவைப் பாகத்துக்கு வேண்டிய பலம் இவ்விரண்டுக்கும் இடையில், ஆணியின் பக்கமாகவே சற்றுத் தள்ளி நிற்கிறது. தாங்க முடியாத பாரம் வரும்போது அது முறியாமல் வளைந்து, ‘என்னால் முடியவில்லை’ என்று கண்ணுக்குத் தெரியும்படி அறிவிக்க வேண்டும். எஃகைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கிப் பூச்சு பூசுவது வரை, சூடான எஃகை அடித்து வடிவமாக்கும் ஃபோர்ஜிங் தொழிற்சாலையில் நடக்கும் ஒவ்வொரு வேலையும் இந்த ஒரு குணத்தைக் காப்பாற்றுவதற்காகவே நடக்கிறது என்பது என் எண்ணம்.

இந்தப் பாகங்களின்மேல் விழும் விசை எவ்வளவு என்பதில் பலருக்கும் தவறான கணக்கு இருக்கிறது. சமதளமான தார்ச்சாலையில் 10 டன் எடையுள்ள லாரியை மெதுவாக இழுத்துக்கொண்டு போக, டயரின் உருளல் தடையை வெல்ல, ஏறத்தாழ 100 கிலோ விசையே போதும். நூற்றுக்குப் பத்து என்ற ஏற்றத்தில் அதே லாரியை இழுத்தால் இதனோடு இன்னும் ஒரு டன் சேரும். இந்த அளவுக்கெல்லாம் தேவைக்கு மேல் பலமான எஃகுதான் கொக்கியில் இருக்கிறது. சிக்கல் வருவது வெட்டி இழுக்கும்போது. 2 டன் எடையுள்ள ஜீப் ஒன்று தொய்வாகக் கிடக்கும் சங்கிலியோடு மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பி, சங்கிலி விறைத்ததும் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் வண்டியிடம் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 7,700 ஜூல். சங்கிலியும் கொக்கியும் சேர்ந்து 5 சென்டிமீட்டர் மட்டுமே நீண்டு அந்த ஆற்றலை விழுங்க வேண்டுமென்றால், சராசரி விசை 15 டன்னைத் தாண்டும். விசை பூஜ்யத்திலிருந்து படிப்படியாக ஏறுவதால் உச்சம் ஏறக்குறைய அதன் இருமடங்கு. சேற்றில் நிற்கும் வண்டி சற்றே நகர்ந்து கொடுத்தால் இது குறையும், நகராவிட்டால் குறையாது. அதே இடத்தில் ஒரு மீட்டர் நீளக்கூடிய நைலான் கயிறு இருந்தால் உச்ச விசை ஒன்றரை டன் அளவிலேயே நின்றுவிடும். ஆக, கொக்கியின் விதியைப் பாதி நிர்ணயிப்பது கொக்கியன்று, கயிறு.

விதிமுறைகள் இதை இரண்டு வகையாகக் கையாள்கின்றன. பழுதான வண்டியை இழுப்பதற்கான கொக்கி, அந்த வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையில் குறைந்தது பாதிக்குச் சமமான நிலை விசையை இழுப்பிலும் தள்ளலிலும் தாங்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. நம் 2 டன் ஜீப்புக்கு இது ஒரு டன்தான். மேலே சொன்ன வெட்டிழுப்பை எந்தக் கொக்கியும் தாங்கியே தீர வேண்டும் என்று விதி எங்கும் சொல்லவில்லை. டிரெய்லரை நிரந்தரமாக இழுக்கும் பாகங்களுக்கு ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 55ஆம் எண் ஒழுங்குமுறை இருக்கிறது. அதில் ‘டி மதிப்பு’ என்ற ஒரு கணக்கு வருகிறது. இழுக்கும் வண்டியின் எடையையும் இழுபடும் வண்டியின் எடையையும் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, ஈர்ப்பு முடுக்கத்தால் பெருக்கினால் வருவது டி மதிப்பு. 18 டன் லாரி 18 டன் டிரெய்லரை இழுத்தால் அது ஏறத்தாழ 88 கிலோ நியூட்டன். சோதனைச்சாலையில் வளையத்தை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுச் சான்றிதழ் தருவதில்லை. டி மதிப்பின் பத்தில் ஆறு பங்கு விசையை, அதாவது இந்த எடுத்துக்காட்டில் சுமார் 53 கிலோ நியூட்டனை, முன்னும் பின்னுமாக 20 லட்சம் முறை மாற்றி மாற்றிச் செலுத்துகிறார்கள். அதன் பிறகும் விரிசல் இருக்கக் கூடாது. வளையத்தின் எதிரி அதிகபட்ச விசையன்று, ஓயாத ஆட்டம்தான் என்பதை விதியை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள்.

இந்த ஓயாத ஆட்டத்தால் வரும் உலோக அயர்ச்சியில், பொறியியல் படித்தவர்களையே வியக்க வைக்கும் ஒரு செய்தி இருக்கிறது. கண்ணாடி போல் மெருகேற்றிய எஃகு மாதிரிகளில், இழுத்து முறிப்பதை எதிர்க்கும் இழுவலிமையை ஏற்ற ஏற்ற, எத்தனை முறை ஆட்டினாலும் முறியாமல் தாங்கும் அயர்ச்சி வரம்பும் கூடவே ஏறும். அது இழுவலிமையில் ஏறத்தாழ பாதி இருக்கும். ஆனால் உலையில் காற்று பட்டுப் படிந்த இரும்பு ஆக்சைடுச் செதிலும் கார்பன் இழந்த மேல்தோலும் அப்படியே இருக்கும் ஃபோர்ஜிங் பரப்பில் இந்தக் கூட்டு முறிந்துவிடுகிறது. எஃகை எவ்வளவு கடினமாக்கினாலும் அயர்ச்சி வரம்பு கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நின்றுவிடும். கூடுதல் கடினத்தால் ஆயுள் கூடவில்லை, முறியாத்தன்மை மட்டும் குறைகிறது என்றால் அந்தப் பேரத்தில் நட்டம் நமக்குத்தான். ‘எங்கள் கொக்கி மற்றவர்களுடையதைவிடக் கடினமானது’ என்று ஒரு விற்பனையாளர் பெருமையாகச் சொன்னால், வாங்குபவர் சற்று யோசிக்க வேண்டும்.

எஃகிலிருந்து தொடங்குவோம். சாதாரணக் கொக்கிகளுக்கு இ.என்.8 எனப்படும், 0.4 சதவீதம் அளவில் கார்பன் கொண்ட எஃகு போதும். கனமான வளையங்களுக்கும் கிங் பின்களுக்கும் இந்தியப் பட்டறைகளில் இ.என்.19 என்று வழங்கும் எஃகு பழக்கமானது. ஜெர்மன் வரைபடங்களில் இதுவே 42 சி.ஆர்.எம்.ஓ.4 என்று வரும், அமெரிக்க வரைபடங்களில் 4140. கார்பன் அதே 0.4 சதவீதம்தான், அதனோடு ஒரு சதவீதம் அளவில் குரோமியமும் 0.2 சதவீதம் அளவில் மாலிப்டினமும் சேர்ந்திருக்கும். இவை எஃகை நேரடியாகப் பலமாக்குவதற்காகச் சேர்க்கப்படுபவை என்று நினைப்பது அரை உண்மை. தடித்த துண்டை எண்ணெயில் அமிழ்த்தும்போது மேல்தோல் மட்டுமல்லாமல் நடுப்பகுதியும் கடினப்பட வேண்டும். அதற்காக, குளிரும் எஃகு மென்மையான நிலைக்கு மாறிவிடுவதைத் தாமதப்படுத்தித் தருவதே இவற்றின் முதல் வேலை. வெறும் கார்பன் எஃகில் 50 மில்லிமீட்டர் தடிமனுள்ள துண்டின் நடுப்பகுதி மென்மையாகவே நின்றுவிடும்.

கம்பியைத் துண்டு போடும் இடத்தில், இந்தியாவின் எந்த இரும்புக் கடையிலும் கேட்கக்கூடிய ஒரு கணக்கு உண்டு: விட்டத்தை மில்லிமீட்டரில் வர்க்கப்படுத்தி 162ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் உருட்டுக் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். 50 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 15.43 கிலோ. முடிவில் 3 கிலோ நிற்க வேண்டிய கொக்கிக்கு, ஃபிளாஷ் எனப்படும் பிதுங்கு விளிம்புக்காக அரைக்கிலோ, உலையில் செதிலாக உரிந்து போவதற்காக 100 கிராம் என்று சேர்த்தால் 3.6 கிலோ, ஆகவே 233 மில்லிமீட்டர் நீளத் துண்டு. ஃபோர்ஜிங்கின் அடக்க விலையில் பாதிக்கு மேல் எஃகின் விலையே என்பதால் இந்த மில்லிமீட்டர்களின்மேல் எப்போதும் ஒரு கண் இருந்துகொண்டே இருக்கும். ஐந்து மில்லிமீட்டர் குறைத்து வெட்டினால் மாதக் கடைசியில் டன் கணக்கில் மிச்சம் தெரியும்; கூடவே, எஃகை அடித்து வடிவமெடுக்கும் அச்சின் மூலை நிரம்பாத கொக்கிகளும் தெரியும்.

வெட்டிய துண்டு 1,150 முதல் 1,250 டிகிரி செல்சியஸ் வரை சூடேற வேண்டும். எண்ணெய் உலையில் இதற்கு நெடுநேரம் பிடிக்கும். அதுவரை காற்று பட்டு எடையில் 2, 3 சதவீதம் செதிலாகிவிடும். மின் தூண்டல் சுருளுக்குள் செலுத்தினால் சில நிமிடங்களில் மஞ்சள் பழுத்து வெளியே வரும், செதிலும் குறைவு. இதில் பயப்பட வேண்டிய எல்லை மேல் எல்லை. 1,300 டிகிரியைத் தாண்டித் துண்டை உலையில் மறந்துவிட்டால் எஃகின் நுண்பரல்கள் பெருத்து, அவற்றின் எல்லைகள் உருகத் தொடங்கும். இதை ‘எரிந்துபோன எஃகு’ என்பார்கள். அப்படி எரிந்ததை எந்த வெப்பப் பதத்தாலும் மீட்க முடியாது. பழைய இரும்பு வியாபாரிக்குத்தான் போக வேண்டும். மதிய உணவு நேரத்தில் சம்மட்டி இயந்திரம் நின்று, உலை மட்டும் எரிந்துகொண்டிருக்கும் அரைமணி நேரம்தான் இதற்குத் தோதான நேரம். அனுபவமுள்ள மேற்பார்வையாளர் சாப்பிடப் போகும் முன் உலையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போவது அதனால்தான்.

சூடான துண்டு நேராக முழு அச்சுக்குள் போவதில்லை. முதலில் அதை நீட்டி, தேவையான இடத்தில் தடித்தும் மற்ற இடத்தில் மெலிந்தும் இருக்கும்படி உருட்டுகிறார்கள். பிறகு கொக்கியின் வளைவுக்கு ஏற்ப வளைக்கிறார்கள். அதன் பின் முதல் அச்சு, கடைசி அச்சு என்று இரண்டு குழிகளில் அடி விழுகிறது. சம்மட்டி இயந்திரம் என்றால் ஒரு குழியில் பல அடி. பிரஸ் என்றால் குழிக்கு ஒரே அழுத்து. அச்சுக்கு எதிரே தெரியும் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 4 முதல் 7 டன் வரை விசை கேட்கும் என்பதால், 150 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஒரு கொக்கிக்கு ஆயிரம் டன் அளவிலான பிரஸ் வேண்டியிருக்கிறது. நாட்டில் இந்த வேலை புணே, லூதியானா, ராஜ்கோட், ஜாம்ஷெட்பூர் ஆகிய ஊர்களைச் சுற்றித் திரண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் சென்னையின் புறநகரிலும், சிவகங்கை மாவட்டத்துச் சிங்கம்புணரியிலும் பெரிய ஃபோர்ஜிங் ஆலைகள் இருக்கின்றன.

இரண்டு அச்சுகளுக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளி வழியாக மிகுதி எஃகு பிதுங்கி வெளியேறுவதே ஃபிளாஷ். கழிவாகத் தெரியும் இதற்கு ஒரு பயன் உண்டு: மெலிந்த விளிம்பு வேகமாகக் குளிர்ந்து விறைத்துக்கொள்வதால் உள்ளே அழுத்தம் ஏறி, எஃகு மூலை முடுக்கெல்லாம் நிரம்புகிறது. இங்கேதான் மடிப்பு என்ற குறையும் பிறக்கிறது. அச்சின் வளைவு கூர்மையாக இருந்தாலோ, துண்டு சரியான இடத்தில் வைக்கப்படாவிட்டாலோ, எஃகு ஒரு மூலையைத் தாண்டி ஓடி, திரும்பி வந்து தன்மேலேயே படியும். இரண்டு பரப்பிலும் செதில் இருப்பதால் அவை ஒட்டிக்கொள்வதில்லை. சேலை மடிப்பைப் போல மேலே மூடி, உள்ளே பிளந்து நிற்கும். கொக்கியின் உள்வளைவில், அதாவது இழுப்பு மிகுதியாக விழும் இடத்தில், அப்படி ஒரு மடிப்பு அமைந்துவிட்டால் அது தொழிற்சாலையிலேயே பிறந்த விரிசல்.

இவ்வளவு செலவு செய்து அடிப்பதற்கு, வடிவம் மட்டும் காரணமன்று. வடிவம் மட்டும் போதுமென்றால் தகட்டிலிருந்து வெட்டியெடுக்கலாம், வார்க்கலாம். எஃகு உருக்காலையில் உருட்டப்படும்போதே அதில் கலந்திருக்கும் நுண்ணிய கந்தகச் சேர்மங்கள் உருட்டிய திசையில் இழை இழையாக நீண்டுவிடுகின்றன. மரத்தை வரியோடு இழுத்தால் தாங்கும், வரிக்குக் குறுக்கே இழுத்தால் பிளக்கும் என்பது தச்சருக்குத் தெரிந்த சங்கதி, எஃகிலும் அப்படியே. ஃபோர்ஜிங்கில் துண்டு வளையும்போது இழைகளும் சேர்ந்து வளைந்து கொக்கியின் உருவத்தைச் சுற்றி ஓடுகின்றன. தகட்டில் வெட்டிய கொக்கியில் இழைகள் நேர்கோட்டிலேயே நிற்கும். வளைவின் ஏதோ ஓரிடத்தில் இழுவிசை அவற்றுக்குக் குறுக்கே விழுந்தே தீரும்.

இதைக் கண்ணால் பார்க்கவும் வழியுண்டு. புதிய அச்சு வரும்போது முதல் கொக்கிகளில் ஒன்றை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, வெட்டுமுகத்தைச் சமமாகத் தேய்த்து, நீரும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சரிபாதியாகக் கலந்து 70, 80 டிகிரிக்குச் சூடாக்கிய தொட்டியில் இறக்குவார்கள். காற்றோட்டக் கூண்டுக்குள் குமிழிகள் எழும். மூக்கைத் துளைக்கும் நெடி வரும். அரைமணி நேரத்துக்குள் எடுத்துக் கழுவினால், வெறும் பளபளப்பாக இருந்த முகத்தில் பலாப் பலகையின் ரேகைகளைப் போல வரிகள் எழுந்து நிற்கும். வரிகள் உள்வளைவை ஒட்டி அறாமல் வளைந்து போயிருந்தால் அச்சு தேறியது. ஓரிடத்தில் வரிகள் சுழித்தோ, பரப்பை முட்டி வெட்டுப்பட்டோ நின்றால் அச்சைத் திருத்த வேண்டும். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு ஒரு வாரப் பாடத்தைவிட இந்த ஒரு துண்டு அதிகம் சொல்லிக்கொடுக்கும். வார்ப்பில் இப்படி வரிகளே கிடையாது. அதனால் வார்ப்பு மட்டம் என்று சொல்லிவிட முடியாது. ஃபிஃப்த் வீலின் அகன்ற தட்டுகள் பல வார்ப்பாகவே வருகின்றன, நன்றாகவே உழைக்கின்றன. உள்ளே காற்றுக்குழி இல்லை என்று உறுதிசெய்யும் செலவும், அதற்கேற்பக் கூடுதல் தடிமனும் வார்ப்புக்குத் தேவை. கைக்குள் அடங்க வேண்டிய சிறிய பாகத்தில் அந்தத் தடிமனுக்கு இடமில்லை.

அடித்து முடித்த கொக்கி இன்னும் பாதிப் பொருள்தான். கொல்லர் அரிவாளுக்குத் துவைச்சல் போடுவதை நேரில் பார்த்தவர்களுக்கு அடுத்த கட்டத்தைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இ.என்.19 கொக்கியை 850 டிகிரி அளவுக்குச் சூடாக்கி எண்ணெயில் அமிழ்த்துகிறார்கள். அந்தக் கணத்தில் அது கண்ணாடியைப் போன்றது. கீழே விழுந்தால்கூட வெடிக்கலாம். தண்ணீரில் அமிழ்த்தினால் இன்னும் மோசம், குளியலிலேயே விரிசல் கண்டுவிடும். அதன் பின் 600 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் ஓரிரு மணி நேரம் வைத்து, ஏற்றிய கடினத்தில் பெரும்பகுதியைத் தெரிந்தே இறக்கிவிடுகிறார்கள். 200 டிகிரியில் நிறுத்தினால் ராக்வெல் சி அளவுகோலில் 50க்கு மேல் கடினம் நிற்கும். 600 டிகிரிக்குப் போனால் 30ஐ ஒட்டி வந்துவிடும், இழுவலிமை 1,000 மெகா பாஸ்கல் அளவுக்கு இறங்கும். பதிலுக்குக் கிடைப்பது முறியாத்தன்மை. இடையில் 250 முதல் 400 டிகிரி வரை உள்ள பகுதி ஒரு பொறி: கடினம் குறையும், முறியாத்தன்மையும் கூடாது. உலையின் வெப்பமானி பழுதாகி இந்தப் பகுதியில் நின்றுபோன ஒரு தொகுதிக் கொக்கிகளைக் கடினச் சோதனை மட்டும் செய்து அனுப்பினால், ‘கடினம் கூடுதல்’ என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. சுத்தியலால் அடித்து முறிக்கும் தாக்குச் சோதனை ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும்.

இந்த இரண்டு உலைகளின் செலவையும் மிச்சப்படுத்த, 1970களில் ஜெர்மனியில் வனேடியம் சிறிதளவு சேர்த்த எஃகுகளை உருவாக்கினார்கள். அடித்த சூட்டிலிருந்து காற்றில் முறையாகக் குளிர வைத்தாலே போதிய வலிமை வந்துவிடும். கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் கனெக்டிங் ராடுக்கும் இவை நன்றாகப் பொருந்தின. ஆனால் முறியாத்தன்மையில் இவை எண்ணெயில் அமிழ்த்திப் பதப்படுத்திய எஃகுக்கு ஒரு படி கீழேதான். எஞ்சினுக்குள் இருக்கும் கிராங்க் ஷாஃப்ட்டை யாரும் சேற்றில் கட்டி வெட்டி இழுப்பதில்லை, கொக்கியை இழுக்கிறார்கள். விலை ஒன்றையே பார்த்து இழுவைக் கொக்கியை இந்த எஃகுக்கு மாற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

பதப்படுத்திய கொக்கியின்மேல் சிறு எஃகுக் குண்டுகளை வேகமாக வீசிச் செதிலை உதிர்க்கிறார்கள். இது வெறும் துப்புரவு வேலையன்று. குண்டு பட்ட மேல்தோல் உள்ளிறுகி நிற்பதால் விரிசல் வாய் திறப்பது தாமதப்படுகிறது. அடுத்து இருட்டறை. கொக்கியைக் காந்தமாக்கி, ஒளிரும் இரும்புத்தூள் கலந்த திரவத்தை ஊற்றி, புற ஊதா விளக்கின் கீழ் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். நல்ல கொக்கி கருநீலமாகத் தெரியும். மடிப்போ விரிசலோ இருந்தால் அந்த இடத்தில் தூள் கூடி, தலைமுடி போன்ற ஒரு பச்சைக் கோடு பளீரென்று நிற்கும். ஆழமில்லாத மடிப்பைத் தேய்த்து நீக்கலாம்; வரைபடம் அனுமதித்த ஆழத்துக்கு மேல் போனால் கொக்கி தள்ளுபடி. எட்டு மணி நேரம் இருட்டில் உட்கார்ந்து பச்சைக் கோடு தேடுபவரின் கண்தான் இந்தச் சங்கிலியின் கடைசிக் காவல். அவருக்கு மணிக்கு எத்தனை கொக்கி என்று இலக்கு வைக்கும் நிர்வாகத்தை என்னால் புரிந்துகொள்ள முடிந்ததில்லை.

துருப் பிடிக்காமலிருக்கப் பூசும் துத்தநாகம் இன்னொரு வகையில் ஆபத்தைக் கொண்டுவரும். அமிலத்தில் கழுவும்போதும் மின்முலாம் பூசும்போதும் பிறக்கும் ஹைட்ரஜன் எஃகுக்குள் நுழைந்துவிடுகிறது. எஃகு எவ்வளவு கடினமோ அவ்வளவுக்கு இது கொடிது. சோதனையில் தேறிய பாகம், பாரத்தோடு சும்மா நிற்கும்போது சில மணி நேரமோ சில நாட்களோ கழித்துத் திடீரென முறியும். முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள் 200 டிகிரி அளவில் நெடுநேரம் சுட்டு ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். மின்முலாமே இல்லாமல், துத்தநாகச் செதில்கள் கலந்த பூச்சில் முக்கியெடுத்துச் சுடும் முறையும் இப்போது பரவலாக இருக்கிறது. கடினத்தை 30ஐ ஒட்டி வைத்துக்கொண்டதால் இந்த ஆபத்தும் குறைகிறது என்பது பதப்படுத்தலில் நாம் விட்டுக்கொடுத்ததற்குக் கிடைத்த உபரி ஆதாயம்.

இப்போது மேசைமேல் கிடக்கும் வளையத்துக்கு வருவோம். வரிகள் குவிந்த அந்தக் கடுகளவு இடத்தில் இருந்தது ஒரு வெல்டிங் பொட்டு. டிரெய்லரின் பின்விளக்குக்குப் போகும் வயர் தரையில் உரசாமல் தொங்கவிட, யாரோ வழியோரப் பட்டறையில் ஒரு சிறு கம்பிக் கொக்கியை வளையத்தின்மேல் பற்ற வைத்திருக்கிறார்கள். இரண்டு நொடி வேலை. ஆனால் வெல்டிங் சூட்டில் எஃகு எவ்வளவு கடினப்பட்டுவிடும் என்பதைக் காட்டும் கார்பன் சமமதிப்பு, இந்த வகை எஃகில் 0.8ஐ ஒட்டியது. 0.4ஐத் தாண்டினாலே முன்சூடு இல்லாமல் பற்ற வைக்கத் தயங்க வேண்டிய இடத்தில் இது இருமடங்கு. வெல்டிங் பொட்டைச் சுற்றியுள்ள எஃகு ஒரு நொடியில் 850 டிகிரியைத் தாண்டி, அடுத்த நொடியில் அடுத்துள்ள குளிர்ந்த எஃகால் உறிஞ்சப்பட்டு உறைகிறது. எண்ணெயில் அமிழ்த்தியதைவிட வேகமான குளிர்ச்சி, ஆனால் அதற்குப் பின் வர வேண்டிய 600 டிகிரிப் பதம் இல்லை. கண்ணாடி போன்ற கடுகளவு எஃகு, அதில் ஒரு நுண்விரிசல், அதன்மேல் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் ஒரு ஆட்டம். பல கட்டங்களில் காப்பாற்றிய குணத்தை அந்த இரண்டு நொடி அழித்துவிட்டது.

தேய்ந்த பாகத்தின்மேல் வெல்டிங் ஏற்றித் தடிமனைக் கூட்டுவதும் இதே தவறின் பெரிய வடிவம். தேய்மானத்துக்குத் தெளிவான வரம்பு இருக்கிறது. இரண்டு அங்குலக் கிங் பின்னின் கழுத்து விட்டம் புதிதில் 50.8 மில்லிமீட்டர், அது 49க்கு வந்தால் மாற்ற வேண்டும். அதன் மேலுள்ள 73 மில்லிமீட்டர்ப் பகுதிக்கு வரம்பு 71. இதற்கென்றே வெட்டிய தகட்டு அளவி ஒன்றைக் கழுத்தில் செருகிப் பார்த்தால் போதும், அரை நிமிட வேலை. கிரீஸையும் தூசியையும் முதலில் துடைக்க வேண்டும் என்பதால்தான் பலரும் அதைச் செய்வதில்லை.

வளைந்துபோன லாரிக் கொக்கியைக் கொண்டுவந்து, கரி உலையில் சிவக்கக் காய்ச்சி, அடித்து நேராக்கித் தரச் சொல்பவர்கள் உண்டு. நேராக்கிவிடலாம், கறுப்பு வண்ணமும் அடித்துவிட்டால் புதிது போலவே இருக்கும். ஆனால் சிவந்த சூட்டில் பழைய பதம் போய்விடும், காற்றில் ஆறிய பின் என்ன பதம் நிற்கிறது என்பது யாருக்கும் தெரியாது. முதல் வளைவில் உள்பக்கம் விழுந்த நுண்விரிசல்களும் அப்படியே உள்ளே இருக்கும். அந்தக் கொக்கி தன் வேலையை ஒருமுறை சரியாகச் செய்து முடித்துவிட்டது. நாலு போல்ட்டைக் கழற்றி அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, தொகுதி எண் பொறித்த புதிய கொக்கியைப் புதிய போல்ட்டுகளோடு, குறித்த முறுக்குவிசையில் பூட்ட வேண்டும்.